வீட்டிலே முதுசொம்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் ஆட்சியின்போது எழுத்து வடிவம் பெற்றது. ஒரு குடும்பத்தின் உடைமைகளை அது முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என மூவகையாகப் பகுத்துரைத்தது. முதுசொம் என்றதும் இன்றும் எவருக்கும் நினைவுக்கு வருவன காணியும் வீடுமே. ஆயினும், வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றிலே இரண்டு அறைகளில் வாழும் குடும்பத்துக்கு முன்னோர் வழியில் எஞ்சியிருப்பது ஒரு குத்துவிளக்கும், ஒரு பித்தளைச் செம்பும், கண்ணாடிச் சட்டத்துள் மங்கிப்போன ஒரு மணப்படமுமாகவே இருக்கக்கூடும்.

ஏன் இவ்வளவு குறைவு என்று வினவுவோர்க்கு விடை சொல்வது கடினமன்று. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்து வன்செயலில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழர் வீடுகள் சூறையாடப்பட்டு எரியூட்டப்பட்டன. உயிர் தப்பியோர் உடுத்த உடையோடு அகதி முகாம்களை அடைந்தனர். பலர் அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும், தோளில் சுமக்கக்கூடியதே உடன் சென்றது. ஆகவே இவ்வீடுகளிலுள்ள பழம்பொருள், அழகு கருதித் தெரிந்தெடுக்கப்பட்டதன்று. கைக்கு அகப்பட்டது, அவ்வளவே. ஆட்டுக்கல்லை எவர் தூக்கிச் செல்வார்?

இதனை மனத்திற்கொண்டால், வீட்டை அலங்கரிக்கும் முறையும் தானே தெளிவாகும். பொருள்கள் பலவற்றை ஓரிடத்தே குவித்தால் அது பாத்திரக் கடையின் தோற்றத்தையே தரும். ஒரே ஒரு செம்பை, பின்னணியில் வேறொன்றும் இல்லாத வெண்சுவரருகே வைத்தால் கண் அதில் நிலைக்கும். அதன் கழுத்திலே கொத்தப்பட்ட பெயரெழுத்துக்கள் பார்ப்பவர் பக்கம் திரும்பியிருத்தல் வேண்டும். சில்லுப் பூட்டிய பெரிய மரப்பெட்டகம் தப்பிப் பிழைத்திருப்பின், அதைச் சுவரோரம் இருக்கையாக்கலாம்; உள்ளே கூறைச் சேலைகளை வைக்கலாம். மின்தூக்கிக்குள் அது நுழையுமா என்பதை முன்னரே அளந்துகொள்வது நன்று.

மூக்குப்பேணியைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறவேண்டும். பக்கத்திலே சிறு மூக்குடைய அப்பித்தளைப் பேணி, உதடு படாமல் அண்ணாந்து பருகுவதற்கென அமைந்தது. தூய்மை கருதிய வழக்கமென்று அதைப் போற்றுவர். ஆனால், அதே பேணி சிலருக்கு மட்டுமே நீட்டப்பட்டது. ஒடுக்கப்பட்டோருக்குச் சிரட்டையிலே நீர் வார்க்கப்பட்டது. தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சமவுரிமை வேண்டி 1960களில் யாழ்ப்பாணத்தில் போராட்டங்கள் நடந்தன. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நிகழ்ந்ததை முதியோர் அறிவர். பேணியை வரவேற்பறையில் வைப்பதிலே தவறில்லை. ஆனால், பேரப்பிள்ளை அதன் மூக்கைத் தொட்டுக் காரணம் கேட்கும்போது பாதிக் கதையோடு நிறுத்திவிடுவது தவறு.

இனி, பேணும் முறை. வெள்ளவத்தையிலே புகையிரதப் பாதைக்கு அப்பால் கடல். உவர்க்காற்று பித்தளையைக் கறுக்கச் செய்யும். உப்பு ஊறிய இடத்திலே பச்சைக் களிம்பு பூக்கும். புளியிலுள்ள அமிலம் அக்கறையைக் கரைப்பதனாலேயே பாட்டிமார் புளியும் சாம்பலுமிட்டுத் துலக்கினர். நாளாந்தம் புழங்கிய பாத்திரத்துக்கு அது பொருந்தும். ஆனால், ஒவ்வொரு துலக்கலிலும் உலோகத்தின் மெல்லிய படையொன்று கழன்று போகிறது. சாம்பல் கொத்தெழுத்தையும் தேய்த்துவிடும். காட்சிக்கு வைத்த பொருளை மென்துணியால் துடைத்து, ஆண்டுக்கொருமுறை மட்டும் புளிக்கரைசல் தொட்டுக் கழுவி, உடனே ஈரம் போக உலர்த்தினாற் போதும். புளியின் மிச்சம் ஒட்டியிருந்தால் அதுவே மீண்டும் களிம்புக்கு வித்தாகும். சற்றே மங்கிய பித்தளை ஒன்றும் மானக்கேடன்று.

படங்களின் பகை வெயிலும் ஈரமும். கடலை நோக்கிய யன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிய படம் சில ஆண்டுகளில் வெளிறிப்போகும். படம் கண்ணாடியை நேரே தொட்டால், மாரிக்காலத்து ஈரத்தில் அதனோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் பிரிக்கும்போது முகமே உரிந்து வந்துவிடும். எனவே இரண்டுக்கும் இடையே ஓரங்களில் அட்டைத்துண்டு இருத்தல் வேண்டும். மூலப்படத்தை அலுமாரியில் இருளில் வைத்து, அதன் பிரதியைச் சுவரில் மாட்டுவது அதனினும் சிறந்தது.

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளிலே சுவரின் முதலிடம் திருஇருதயப் படத்துக்குரியது. அதன் பின்னே குருத்தோலை ஞாயிறன்று பெற்ற ஓலைச் சிலுவை செருகியிருக்கும். அவ்வோலை நெடுநாள் சேமிப்பதற்கன்று. அடுத்த ஆண்டு கோயிலுக்குத் திரும்பி, விபூதிப் புதனுக்குச் சாம்பலாகும். புத்தோலை வந்து அவ்விடத்தை நிரப்பும். காப்பது மட்டுமன்று, உரிய காலத்தில் விடுவதும் ஒரு மரபு என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஏட்டுச்சுவடிகளின் நிலை வேறு. சோதிடமோ வைத்தியமோ அடங்கிய சிறு கட்டொன்று சில வீடுகளில் பூசையறையிலே கிடக்கிறது. சரசுவதி பூசையன்று மட்டும் பொட்டுப்பெறும் அக்கட்டை அலங்காரப் பொருளாக்குவது ஆகாது; குங்குமமும் சந்தனமும் ஓலையைக் கறைப்படுத்தும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் படியெடுத்து இணையத்தில் வைத்து வருகிறது. சுவடிகளும் அதன் கவனத்துக்குரியன. முதலில் படியெடுப்பித்துவிட்டு, ஏட்டைத் தூய பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம்.

கனடாவிலும் இலண்டனிலும் பிள்ளைகள் வாழும் குடும்பங்களில், விளக்கு எவருக்கு, செம்பு எவருக்கு என்ற பேச்சு என்றேனும் எழும். அதற்கு முன்னே செய்யவேண்டியது ஒன்றுண்டு. படத்தின் பின்புறத்திலே, மையினாலன்று, மென்மையான பென்சிலினால், அழுத்தாமல், அதிலுள்ளோர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவைத்தல் வேண்டும். செம்புக்கு ஒரு சிறு காகிதத்துண்டு போதும்; உள்ளே இட்டுவைக்கலாம். பெயர் சொல்லக்கூடிய மூதாட்டி இன்னும் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்கும் வீடுகளில், அவ்வேலைக்கு ஒரு பிற்பகல் போதுமானது.