கதிர் அரிவாள் இரத்தசோகைச் சோதனையும் கலைச்சொல் தெளிவும்

ஆய்வுச்சுருக்கம்

கதிர் அரிவாள் இரத்தசோகை மரபுவழி வரும் குருதிநோயாகும். இதற்கான சோதனை, நோயுடையவரையும் நோய்க்குரிய மரபுப்பண்பு மட்டும் உடையவரையும் இனங்காண்கிறது. இவ்விரு நிலைகளையும் பிரித்துணர்த்தும் கலைச்சொல் தமிழுக்குத் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடையே இப்பண்பு காணப்படுவதை வெளியிட்டனர். இந்திய அளவில் இந்நோய் குறித்த தொடக்ககால ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. இந்திய அரசு 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய இயக்கம், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வகுத்துள்ளது. ஆகவே, சோதனை முடிவை மக்களுக்கு எச்சொல்லால் உணர்த்துவது என்பது உடனடித் தேவையாகிறது.

மரபியல் அடிப்படை

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்கு மாற்றாக வாலின் அமைவதே இந்நோய்க்குக் காரணம். உயிர்வளி குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. மாறிய மரபணுவைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெறுபவர் நோயுறுகிறார். ஒருவரிடமிருந்து மட்டும் பெறுபவர் பெரும்பாலும் நலமுடனே வாழ்கிறார். இவ்வாறு பண்பு மட்டும் உடைய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை நோயுறும் வாய்ப்பு 25 விழுக்காடு. பண்பு மட்டும் பெறும் வாய்ப்பு 50 விழுக்காடு.

சோதனை முறை

முதலில் கரைதிறன் சோதனை செய்யப்படுகிறது. கரைசல் கலங்கினால் அரிவாள் ஹீமோகுளோபின் உண்டென அறியலாம். அது பண்பா, நோயா என அறிய இயலாது. உயர்திறன் திரவ குரோமட்டோகிராபி போன்ற இரண்டாம் சோதனையே அதனைத் தெளிவாக்கும். முதற்சோதனை முடிவை மட்டும் அறிந்தவர் தம்மை நோயாளி என எண்ணிவிட வாய்ப்புண்டு.

சொல்லும் சமூகமும்

1970களில் அமெரிக்காவில் உரிய ஆலோசனையின்றி நடத்தப்பட்ட சோதனைகளால், பண்பு மட்டும் உடைய கறுப்பின மக்கள் நோயாளிகளாகக் கருதப்பட்டு வேலைவாய்ப்பிலும் காப்பீட்டிலும் பாகுபாட்டிற்கு உள்ளாயினர். தமிழில் இத்தகையோரைச் சுட்ட ‘நோய்க்காவி’, ‘நோய்க்கடத்தி’ முதலிய சொற்கள் வழங்குகின்றன. நோய் பரப்பும் கொசுவிற்கும் இச்சொற்களே வழங்குவதால், தொற்றாத ஒன்று தொற்றுநோய் எனும் பொருளைத் தந்துவிடுகிறது. மணவுறவு பேசும் இடத்தில் இப்பொருள்மயக்கம் ஒருவரின் வாழ்வையே பாதிக்கும். ‘அரிவாள்செல் பண்புடையவர்’ என்னும் தொடர் இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

முடிவுரை

சோதனையின் பயன் குருதி மாதிரியைப் பகுப்பாய்வதோடு நிறைவுறுவதில்லை. தம் நிலையை ஒருவர் சரியாகப் புரிந்துகொள்ளும்போதே அது நிறைவுறுகிறது. எனவே சோதனை அறிக்கைகளிலும் ஆலோசனைக் கையேடுகளிலும் பண்பையும் நோயையும் வேறுபடுத்தும் சொல்லாட்சியை நிலைபெறச் செய்தல் தமிழ்க் கலைச்சொல் ஆய்வாளர்தம் கடமையாகும்.