கடற்படைத் தளபதியை நீக்கியது சரியா? பகவத் விவகாரம் இன்றும் எழுப்பும் கேள்விகள்

1998 டிசம்பர் 30 அன்று, இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதி அட்மிரல் விஷ்ணு பகவத்தைப் பணியிலிருந்து நீக்கி மத்திய அரசு உத்தரவிட்டது. அவருடைய பதவிக்காலம் முடிய இன்னும் ஒன்பது மாதங்கள் இருந்தன. சுதந்திர இந்தியாவில் அதற்கு முன்பு முப்படைத் தளபதிகளில் எவரும் இப்படி டிஸ்மிஸ் செய்யப்பட்டதில்லை; அதற்குப் பின்பும் இல்லை. இதற்காக விசாரணை நடக்கவில்லை, ராணுவ நீதிமன்றமும் கூடவில்லை. நான்கே மாதங்களில் இந்த விவகாரம் தமிழக அரசியலோடு பின்னிப் பிணைந்து, வாஜ்பாய் அரசு கவிழ்வதற்கான காரணங்களில் ஒன்றாகவும் ஆனது.

கால் நூற்றாண்டு கடந்த பிறகும் இதைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. படைத் தளபதிக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கும் மோதல் வந்தால் யார் சொல் நிற்க வேண்டும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அந்த மோதலை எந்த முறைப்படி தீர்ப்பது என்பதற்குத்தான் இன்றுவரை பதில் இல்லை.

சிக்கல் எங்கே தொடங்கியது?

துணைத் தளபதி பதவிக்கு யாரை நியமிப்பது என்பதில்தான் மோதல் முற்றியது. அந்தமான் நிக்கோபாரில் கடற்படைப் பொறுப்பில் இருந்த வைஸ் அட்மிரல் ஹரீந்தர் சிங்கை, தலைமையகத்தில் துணைத் தளபதியாக நியமிக்க 1998 டிசம்பரில் அரசு முடிவெடுத்தது. பிரதமர், உள்துறை அமைச்சர், துறையின் அமைச்சர் ஆகியோர் அடங்கிய நியமனங்களுக்கான அமைச்சரவைக் குழு அதற்கு ஒப்புதல் தந்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ்.

பகவத்துக்கும் ஹரீந்தர் சிங்குக்கும் இடையில் ஏற்கெனவே கடும் பகை இருந்தது. தனக்கு உரிய பதவி மறுக்கப்படுவதாக ஹரீந்தர் சிங் முறையீடு செய்திருந்தார். தளபதியின் மனைவியும் வழக்கறிஞருமான நிலோபர் பகவத்தின் மதப் பின்னணியையும் அரசியல் சார்பையும்கூட அந்த முறையீட்டில் அவர் இழுத்திருந்தார். படைக்குள் மதம் பார்க்கக் கூடாது என்பது இந்தியப் படைகள் பெருமையோடு காத்துவரும் மரபு. அந்த மரபை மீறிய ஒரு மனு அரசின் கோப்பில் இருந்தபோதே, அதை எழுதியவரைத் தன் தலைமையகத்தில் உயர்பொறுப்பில் அமர்த்தச் சொன்னதைப் பகவத்தால் ஏற்க முடியவில்லை. தலைமையகத்தின் முதன்மை அதிகாரிகளைத் தளபதியின் பரிந்துரையின்றி நியமிப்பது கடற்படைச் சட்டத்துக்கும் விதிகளுக்கும் முரணானது என்பது அவருடைய வாதம். இந்த உத்தரவை நடைமுறைப்படுத்த இயலாது என்று அவர் அரசுக்கு எழுதினார்.

உரிமைக்காக வழக்காடுவது பகவத்துக்குப் புதிதல்ல. 1990இல், கப்பற்படைப் பிரிவு ஒன்றுக்குத் தலைமையேற்கும் பொறுப்பு தனக்கு மறுக்கப்பட்டபோது, பணியில் இருந்தபடியே பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றவர் அவர். ஒரு காலத்தில் அவர் கேட்ட அதே நியாயத்தைத்தான் பின்னாளில் ஹரீந்தர் சிங் அவருக்கு எதிராகக் கேட்டார். பதவி உயர்வு, பொறுப்பு ஒதுக்கீடு ஆகியவற்றில் வெளிப்படையான முறை இல்லாதபோது ஒவ்வொரு தலைமுறை அதிகாரியும் இதே குறையோடுதான் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

அரசு என்ன சொன்னது?

படைகளின் மீது அமைச்சரவைக்கு உள்ள கட்டுப்பாட்டை வேண்டுமென்றே மீறினார் என்பதுதான் பகவத் மீது அரசு சுமத்திய மையக் குற்றச்சாட்டு. அமைச்சரவைக் குழுவின் முடிவை ஒரு தளபதி செயல்படுத்த மறுப்பதை எந்த ஜனநாயக அரசும் பொறுத்துக்கொள்ளாது. நீக்கம் நடந்த அதே நாளில், கொச்சியில் தெற்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த வைஸ் அட்மிரல் சுஷில் குமார் டெல்லிக்கு வரவழைக்கப்பட்டுப் புதிய தளபதியானார். பாதுகாப்புத் துறைச் செயலாளர் அஜித் குமாரும் அன்றே வேறு துறைக்கு மாற்றப்பட்டார். துறைக்குள்ளும் எல்லாம் சரியாக இல்லை என்பதை அந்த இடமாற்றம் காட்டியது.

பதவி போன பிறகு பகவத் வெளிப்படையாகவே பேசினார். ஆயுதத் தரகர்களின் செல்வாக்கைத் தான் எதிர்த்ததாலேயே பழிவாங்கப்பட்டதாகச் சொன்னார். அந்தமான் கடல் வழியே ஆயுதம் கடத்தும் கப்பல்களைத் தடுக்க விடாமல் அமைச்சகம் கடற்படையின் கைகளைக் கட்டியது என்றும் குற்றஞ்சாட்டினார். பெர்னாண்டஸ் இவை அனைத்தையும் மறுத்தார். பின்னர் பகவத் தன் தரப்பை ஒரு நூலாகவும் எழுதி வெளியிட்டார்.

சட்டம் எந்தப் பக்கம்?

அரசமைப்புச் சட்டத்தின் 53ஆவது கூறு படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கிறது. படையினர் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை மட்டுமே பதவியில் இருக்க முடியும் என்கிறது 310ஆவது கூறு. 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டமும் அதையே சொல்கிறது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்படுவார் என்பதால், நடைமுறையில் இது அரசின் அதிகாரம்தான். ஆகவே, பகவத்தை நீக்க அரசுக்கு அதிகாரம் இருந்தது என்பதில் ஐயமில்லை.

இதற்கு அடுத்ததாக வரும் 311ஆவது கூறுதான் கவனிக்க வேண்டியது. குடிமைப் பணியில் இருப்பவரைக் குற்றச்சாட்டைத் தெரிவிக்காமல், விசாரிக்காமல், அவர் தரப்பைக் கேட்காமல் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பது பொது விதி. சில விதிவிலக்குகள் இருந்தாலும் தாலுகா அலுவலக எழுத்தர் முதல் மாவட்ட ஆட்சியர் வரை இந்தப் பாதுகாப்பு உண்டு. படையினருக்கு இது பொருந்தாது. நாட்டின் போர்க்கப்பல்கள் அனைத்துக்கும் பொறுப்பான ஒருவரை, கடைநிலை அரசு ஊழியருக்குத் தரும் வாய்ப்புகூடத் தராமல் வீட்டுக்கு அனுப்பச் சட்டம் இடமளித்தது.

தமிழகம் இதற்குள் வந்தது எப்படி?

வாஜ்பாயின் கூட்டணி அரசைத் தாங்கிய கட்சிகளில் அதிமுகவும் ஒன்று. மக்களவையில் அக்கட்சிக்கு 18 உறுப்பினர்கள் இருந்தனர். திமுக அரசைக் கலைக்க வேண்டும் என்ற ஜெயலலிதாவின் கோரிக்கையால் அந்த உறவு ஏற்கெனவே கசந்திருந்தது. 1999 மார்ச் இறுதியில் அவர் பகவத் பிரச்சினையைக் கையில் எடுத்தார். பகவத்தை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டும், நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரிக்க வேண்டும், பெர்னாண்டஸைப் பாதுகாப்புத் துறையிலிருந்து மாற்ற வேண்டும் என்று கேட்டார். மத்திய அமைச்சரவை மறுத்தது. அதிமுக அமைச்சர்கள் பதவி விலகினர். ஏப்ரல் 14 அன்று அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டது. ஏப்ரல் 17 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 269க்கு 270 என்று ஒரே வாக்கில் அரசு தோற்றது. திமுக அன்று அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது.

இதில் படைத்துறைக்குத்தான் பெரும் இழப்பு. துணைத் தளபதி நியமனத்தின் சரி தவறு, ஆயுத பேரம் பற்றிய புகார், அந்தமான் கடற்பாதுகாப்பு ஆகியவை நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் நிதானமாக ஆராயப்பட்டிருக்க வேண்டும். அவை கூட்டணிக் கணக்கில் ஒரு துருப்புச் சீட்டாகச் சுருங்கின. அடுத்த மாதமே கார்கில் போர் மூண்டது. கவிழ்ந்த அரசே காபந்து அரசாக இருந்து அந்தப் போரை நடத்த வேண்டியிருந்தது.

பிறகு என்ன மாறியது?

கார்கில் போருக்குப் பின், திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழுவும், 2001இல் அறிக்கை தந்த அமைச்சர்கள் குழுவும் அடிப்படைக் கோளாறைச் சுட்டிக்காட்டின. முப்படைத் தலைமையகங்கள் அமைச்சகத்துக்கு வெளியே இருக்கும் இணைப்பு அலுவலகங்களாகவே நடத்தப்பட்டன. தளபதி எழுதும் கோப்பு கீழ்நிலை அதிகாரிகள் முதல் ஒவ்வொரு படியாக ஏறித்தான் அமைச்சரை அடையும். நாட்டின் பாதுகாப்புக்கான பொறுப்பு, அரசின் அலுவல் விதிகளின்படி, செயலாளரிடம் இருந்தது. தளபதிக்கும் அமைச்சருக்கும் இடையே அவநம்பிக்கை வளர இந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு படிப்படியாகச் சீர்திருத்தங்கள் வந்தன. 2009இல் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. 2019இல் தன்னை முந்தி கரம்பீர் சிங் கடற்படைத் தளபதியாக அறிவிக்கப்பட்டதை எதிர்த்து வைஸ் அட்மிரல் பிமல் வர்மா முறையிட்டதும் அங்கேதான். 2020 ஜனவரியில் ஜெனரல் பிபின் ராவத் முதலாவது முப்படைத் தலைமைத் தளபதியானார். அமைச்சகத்துக்குள்ளேயே படைவிவகாரத் துறை உருவாகி, சீருடை அணிந்த ஒருவர் அதன் செயலாளராக அமர்ந்தார்.

ஆனால், தளபதியை நீக்கும் முறை அப்படியே இருக்கிறது. தளபதியின் பரிந்துரையை அரசு எப்போது மீறலாம், மீறினால் காரணத்தை எழுத வேண்டுமா, நீக்கம் பற்றி நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பவற்றுக்குத் தெளிவான விதி இல்லை. 2012இல் தரைப்படைத் தளபதி வி.கே.சிங் தன் பிறந்த ஆண்டு 1950 அல்ல, 1951 என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்காடியபோது, படைக்கும் அரசுக்கும் இடையிலான மோதல் மீண்டும் தெருவுக்கு வந்தது.

தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும்?

பகவத் விவகாரத்தில் இரு தரப்பிலும் தவறு உண்டு. அரசின் முடிவு சட்டவிரோதமானது என்று நம்பினால் ஒரு தளபதி தன் எதிர்ப்பை எழுத்தில் பதிவுசெய்யலாம், பிரதமரிடம் முறையிடலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் பதவி விலகலாம். அமைச்சர் கிருஷ்ண மேனனோடு முரண்பட்ட ஜெனரல் திம்மய்யா 1959இல் விலகல் கடிதம் கொடுத்தார். பிறகு நேருவின் வேண்டுகோளை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். பதவியில் இருந்துகொண்டே ஆணையை நிறைவேற்ற மறுப்பது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும், ஆபத்தான முன்னுதாரணம். நம் அண்டை நாடுகள் சிலவற்றில் தளபதிகள் அரசுகளை ஆட்டிவைத்த வரலாற்றை அறிந்தவர்கள் இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அரசின் தவறும் சிறியதல்ல. அதிகாரம் இருக்கிறது என்பதற்காக விளக்கம் தரும் கடமை இல்லாமல் போய்விடாது. மதத்தைச் சொல்லி எழுதப்பட்ட ஒரு முறையீட்டை அரசு முதலில் கண்டித்திருக்க வேண்டும். தளபதியை நீக்குவதுதான் ஒரே வழி என்றால், அதற்கான காரணங்களை உடனே நாடாளுமன்றத்தின் முன் வைத்திருக்க வேண்டும்.

முப்படைத் தளபதிகளின் நியமனத்துக்கும் நீக்கத்துக்கும் எழுத்துபூர்வமான காரணங்களைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் தேவை. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அந்தக் காரணங்களை, தேவைப்பட்டால் மூடிய அமர்வில், ஆராய வழி வேண்டும். அரசின் மேலாண்மை இதனால் குறையாது. மக்கள் நம்பும்படியாக வலுப்பெறும். அடுத்த மோதல் வரும்வரை காத்திராமல், அமைதியான காலத்திலேயே நாடாளுமன்றம் இதைச் செய்து முடிக்க வேண்டும்.