ஸ்டியரிங் நடுங்கினால் என்ன அர்த்தம்?

ஸ்ரீபெரும்புதூர்!

ராமானுஜர் பிறந்த ஊர். இன்று அது கார் பிறக்கும் ஊராகவும் விளங்குகிறது.

பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் இருந்து, 1998-ம் ஆண்டு ஹூண்டாய் கம்பெனியின் சான்ட்ரோ கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. 2012-ல் டைம்லர் லாரி ஆலை வந்தது. ஒரகடத்தை அடுத்த வாரணவாசியில், ஸ்டியரிங் பாகங்கள் செய்யும் ராணே (மெட்ராஸ்) கம்பெனிக்கு ஆலை இருக்கிறது.

புதுக் கார் ஆலையை விட்டுப் புறப்படும் முன்பு, அதன் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள்.

வெளியே வந்த பிறகு யார் பார்ப்பது? காரின் சொந்தக்காரர்தான் பார்க்க வேண்டும்!

கார் பள்ளத்தில் விழுகிறது. கல்லில் ஏறி இறங்குகிறது. டயர் தேய்கிறது. அடியில் ஏற்படும் இந்தக் கோளாறுகளை முதலில் சொல்வது ஸ்டியரிங்தான்.

உள்ளே நடப்பது என்ன?

நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினால், அதன் அடியில் உள்ள தண்டு சுற்றுகிறது. தண்டின் முனையில் ஒரு சிறு பல்சக்கரம் இருக்கிறது. அது, பற்கள் வெட்டிய ஒரு நீண்ட கம்பியை இடமும் வலமும் தள்ளுகிறது. அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் உள்ள 'டை ராட்' என்ற தண்டுகள் முன் சக்கரங்களைத் திருப்புகின்றன.

இந்த வரிசையில் எது பழுதானாலும், அது உங்கள் கைக்குத் தெரியும்.

ஒரு பக்கம் இழுத்தால்...

முதலில் டயர்களின் காற்றைப் பாருங்கள். ஒரு பக்க டயரில் காற்று குறைந்தால், கார் அந்தப் பக்கம் இழுக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவின் ஓரத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். டயர் சூடேறும் முன்பு, காலையிலேயே அளப்பது நல்லது.

காற்று சரியாக இருந்தும் இழுக்கிறதா? டயரைக் கவனியுங்கள். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்திருந்தால், 'அலைன்மெண்ட்' பார்க்க வேண்டும். நேரான சாலையில் ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றாலும் அதே வைத்தியம்தான். ஒரு சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டாலும் கார் இழுக்கும். அந்தச் சக்கரம் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடேறி இருக்கும்.

மழைத் தண்ணீர் வழிந்தோடுவதற்காக, சாலையின் நடுவை மேடாகப் போடுகிறார்கள். அதனால் கார் மிக லேசாக இடப்பக்கம் ஒதுங்கலாம். அது கோளாறு அல்ல.

நடுங்கினால்...

மெதுவாகப் போகும்போது ஒன்றும் இல்லை. வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டியரிங் கிடுகிடு என்று நடுங்குகிறது. பெரும்பாலும் இது முன் சக்கரங்களின் எடை சமமாக இல்லாததால் வருவது. 'பாலன்சிங்' செய்து, சக்கரத்தில் சிறு ஈயக் கட்டியோ இரும்புக் கட்டியோ பொருத்தினால் போதும்!

பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் சங்கதி வேறு. பிரேக் தட்டு மேடு பள்ளமாகி இருக்கலாம். தள்ளிப்போடாமல் ஒர்க்ஷாப்புக்குப் போங்கள்.

கனத்தால்...

ஆதியில் காருக்கு வட்ட ஸ்டியரிங் கிடையாது. ஒரு கம்பியைப் பிடித்துத்தான் திருப்பினார்கள். 1894-ம் ஆண்டு பாரிஸ்-ரூவான் பந்தயத்தில், வாஷெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் வட்டச் சக்கரம் வைத்த காரை ஓட்டினார். சுலபமாகத் திருப்ப உதவும் 'பவர் ஸ்டியரிங்' 1951-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் காரில் விற்பனைக்கு வந்தது. அது எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கியது. இன்றைய கார்களில் பெரும்பாலும் மின்சார மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது.

ஆகவே ஸ்டியரிங் கனத்தால், எண்ணெய் வகையில் எண்ணெய் குறைந்ததா, பெல்ட் தளர்ந்ததா என்று பாருங்கள். மின்சார வகையில் பாட்டரியைப் பாருங்கள். ஸ்டியரிங் படம் போட்ட விளக்கு எரிந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஓடும்போது என்ஜின் நின்றுவிட்டால்? பயப்படாதீர்கள்! ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். இரு கைகளாலும் இறுகப் பிடித்து, காரை ஓரம் கட்டுங்கள். நிற்கும் வரை சாவியை உருவக் கூடாது. உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்!

நிறுத்திய காரில் பூட்டிக்கொண்டால் அது ரிப்பேர் அல்ல. திருடருக்காக வைத்த பூட்டு. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தபடி சாவியைத் திருப்புங்கள். திறந்துகொள்ளும்.

ஆட்டம் கண்டால்...

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான்.

காரைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டு, என்ஜினை ஓடவிடுங்கள். ஸ்டியரிங்கை லேசாக அசையுங்கள். வேறொருவர் பக்கவாட்டில் நின்று முன் சக்கரத்தைக் கவனிக்கட்டும். ஸ்டியரிங் ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடியும் சக்கரம் அசையவில்லையா? டை ராட் முனையோ வேறு இணைப்போ தேய்ந்திருக்கலாம். 'லொட லொட' என்ற சத்தமும் கேட்கும். அந்தக் காரை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை அழையுங்கள். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் நீங்கள் புகவே கூடாது!

இன்னொரு எச்சரிக்கை. 2019-ம் ஆண்டு ஜூலை முதல், இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் டிரைவருக்குக் காற்றுப்பை கட்டாயம். அது ஸ்டியரிங்கின் நடுவே இருக்கிறது. மருந்து பற்றித்தான் அது விரிகிறது. வீட்டில் யாரும் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

ஒரு முழம் போதும்!

வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. கன்டெய்னர் லாரிகள், தொழிலாளர்களின் பஸ்கள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அங்கே ஓடுகின்றன. அந்த நெரிசலில் கார் ஒரு முழம் விலகினால் போதும்; ஒரு குடும்பத்தின் விளக்கு அணைந்துவிடும்.

டயருக்குக் காற்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்!