மரபணுவை மௌனமாக்கும் வைரஸ்கள்: நாம் எப்படிப் பார்க்க வேண்டும்?

ஒகேனக்கல் சென்று வந்தவர்களுக்குப் பரிசலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆளையும் சரக்கையும் அக்கரை சேர்ப்பதுதான் அதன் வேலை. யாரை ஏற்றுகிறோம் என்பது பரிசலுக்குத் தெரியாது. இன்றைய ஆய்வுக்கூடங்களில் வைரஸ்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். உயிரணுவுக்குள் நுழையும் திறமை வைரசுக்கு இயல்பாகவே உண்டு. அதன் நோய்ச் சரக்கை இறக்கிவிட்டு, நமக்கு வேண்டிய செய்தியை ஏற்றி அனுப்புகிறார்கள் ஆய்வாளர்கள்.

இது நமக்கு அந்நியமான செய்தி அன்று. 2021இல் நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசியே இத்தகைய ஒரு பரிசல்தான். சிம்பன்சிக் குரங்கின் அடினோ வைரஸ், பெருகும் ஆற்றல் நீக்கப்பட்டு, கொரோனா பற்றிய செய்தியைச் சுமந்து நம் தோளுக்குள் வந்தது.

மரபணுவை மௌனமாக்குவது என்றால் என்ன? உயிரணுவின் கருவில் இருக்கும் மரபணுவிலிருந்து ஒரு நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலைப் பார்த்துத்தான் புரதம் தயாராகிறது. அந்த நகலோடு பொருந்தக்கூடிய ஒரு சிறிய ஆர்.என்.ஏ. துண்டு உள்ளே இருந்தால், உயிரணு அந்த நகலை வெட்டிப் போட்டுவிடும். மரபணு இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் குரல் மட்டும் வெளியே கேட்காது. இதைப் புழுக்களில் கண்டறிந்து 1998இல் வெளியிட்ட ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் 2006இல் நோபல் பரிசு பெற்றனர். அந்தச் சிறு துண்டை உயிரணு தானே தொடர்ந்து தயாரிக்கும்படி செய்ய, அதற்கான கட்டளையை லென்டி வைரஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். இந்த லென்டி வைரஸ் எய்ட்ஸ் கிருமியின் எலும்புக்கூட்டிலிருந்து செய்யப்பட்டது. பெருகுவதற்குத் தேவையான பாகங்கள் பிரித்து எடுக்கப்பட்டுவிடுவதால், உள்ளே போனபின் அது தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்க இயலாது. ஒரு மரபணு என்ன செய்கிறது என்று அறிய, அதை மௌனமாக்கிவிட்டு எது நின்றுபோகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வாளரின் வழி.

இதனால் யாருக்குப் பயன்? அரிவாள் உயிரணு நோயை எடுத்துக்கொள்வோம். நீலகிரிப் பழங்குடியினரிடம் இக்குறைபாடு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952இல் எடுத்துரைத்தனர். இருளர், பணியர் போன்ற மக்களின் பிள்ளைகள் மூட்டு வலியாலும் இரத்தச்சோகையாலும் இன்றும் துன்புறுகின்றனர். தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. அது நோயை அண்டவிடாது. பிறந்து சில மாதங்களில் அந்தச் சுரப்பு அடங்கிவிடுகிறது. அதை அடக்குவதில் பி.சி.எல். 11ஏ என்ற மரபணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதை விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஓர்கின் குழுவினர் 2008இல் காட்டினர். பாஸ்டன் மருத்துவர்கள் லென்டி வைரஸைக் கொண்டு இந்த மரபணுவைச் சிவப்பணுக்கள் உருவாகும் வழியில் மட்டும் மௌனமாக்கி, 6 நோயாளிகளிடம் கண்ட நல்ல பலனை 2021இல் வெளியிட்டனர். நமக்கு அருகிலேயே, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், லென்டி வைரஸ் வழியாக இரத்தம் உறையாமை நோயாளிகள் 5 பேருக்குச் சிகிச்சை அளித்த விவரம் 2024 டிசம்பரில் வெளியானது. அங்கே செய்தது மரபணுவைச் சேர்ப்பது, மௌனமாக்குவது அன்று. ஆனால் பரிசல் ஒன்றுதான்.

ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1999இல் அமெரிக்காவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், அடினோ வைரஸ் செலுத்தப்பட்ட நான்காம் நாள் இறந்தார். பாரிசில் வேறொரு வைரஸால் நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற சில குழந்தைகளுக்குப் பின்னர் இரத்தப் புற்றுநோய் வந்தது. வைரஸ் தவறான துறையில் சரக்கை இறக்கிவிட்டதே காரணம்.

நம் திருச்சபை இதற்கு எதிரானதா என்றால், இல்லை. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008இல் வெளியிட்ட 'திஞ்ஞித்தாஸ் பெர்சோனே' ஏடு, நோயாளியின் உடல் உயிரணுக்களில் மட்டும் செய்யப்படும் மரபணுச் சிகிச்சையைக் கொள்கையளவில் ஏற்கிறது. நோயாளியின் முழுச் சம்மதம் வேண்டும், அளவுக்கு மீறிய ஆபத்து கூடாது என்பன நிபந்தனைகள். பிறக்கப் போகும் தலைமுறைகளுக்குச் செல்லும் மாற்றத்தை, இன்றைய நிலையில், அது ஏற்பதில்லை.

ஆனால் அன்பார்ந்தவர்களே, கத்தோலிக்கருக்கு உண்மையான நெருடல் வேறிடத்தில் இருக்கிறது. பரிசலைக் கட்டும் பட்டறை அது. லென்டி வைரஸ்கள் பெரும்பாலும் ஹெச்.இ.கே. 293 வகை உயிரணுக்களில்தான் தயாரிக்கப்படுகின்றன. 1973இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து வளர்க்கப்பட்டவை அவை. அக்கரு கலைக்கப்பட்ட கரு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கோவிஷீல்டு தயாரிப்பிலும் இதே வம்சத்து உயிரணுக்கள் பயன்பட்டன. அப்போது, 2020 டிசம்பரில், திருத்தந்தை பிரான்சிசின் ஒப்புதலுடன் வந்த அறிக்கை, வேறு வழியில்லாதபோது அத்தகைய தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது ஒழுக்க முறையில் ஏற்கத்தக்கது என்றது. கருக்கலைப்பை அங்கீகரிப்பதாக அதற்குப் பொருளில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

நோயாளிக்கு உள்ள இந்தச் சலுகை ஆய்வாளருக்கு அப்படியே கிடைப்பதில்லை. அத்தீமையோடு தமக்கு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும், அத்தகைய உயிரணுக்களை மறுப்பது ஆய்வாளரின் கடமை என்கிறது 2008ஆம் ஆண்டு ஏடு. நம் பங்குகளிலிருந்து உயிரித் தொழில்நுட்பம் படிக்கச் செல்லும் பிள்ளைகள் முதலாண்டிலேயே இந்தக் குடுவையைக் கையில் எடுக்க வேண்டி வரலாம். கல்விக்கடன் வாங்கிப் படிக்கும் மாணவி பேராசிரியரிடம் போய் "முடியாது" என்று சொல்வது எளிதல்ல. வீட்டிலும் பங்கிலும் இதைப் பற்றி அவளோடு பேச யாருமில்லை என்பதுதான் நம் குறை. மாற்று வழி இருக்கிறதா என்று கேட்கவாவது நாம் அவளுக்குத் துணை நிற்கலாம்.

மாற்று இல்லாமலும் இல்லை. 2018 முதல் நம் மக்காச்சோளக் காடுகளை அழித்துவரும் அமெரிக்கன் படைப்புழுவை விவசாயிகள் அறிவர். அதே புழுவின் சினைப்பையிலிருந்து வளர்த்த உயிரணுக்களில், ஏ.ஏ.வி. என்னும் வேறொரு பரிசல் தயாராகிறது. இரத்தம் உறையாமை நோய்க்கு 2022இல் அமெரிக்கா அனுமதித்த ஹெம்ஜெனிக்ஸ் மருந்து அந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான். லென்டி வைரஸுக்கு அப்படியொரு பட்டறை இன்னும் பரவலாகவில்லை.