மூக்கில் இருக்கும் முதலீடு

தெரிந்த தொழிலைச் சக ஊழியருக்குச் சொல்லித் தர ஏன் தயக்கம்? தேயிலை மலைகளில் விடை இருக்கிறது

சூரியநெல்லியிலிருந்து ஜீப் மட்டுமே ஏறக்கூடிய கரடுமுரடான பாதை கொழுக்குமலைக்குப் போகிறது. மலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், வழியோ கேரளத்தில். அங்குள்ள பழைய தொழிற்சாலை ‘ஆர்த்தடாக்ஸ்’ தேயிலைக்குப் பெயர்பெற்றது. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தும் முறை இது.

சூட்சுமம் புளிக்கவைப்பதில் இருக்கிறது. பச்சை வாசனை மறைந்து பழ வாசனை எழ வேண்டும். இலை செம்பு நிறத்துக்கு மாற வேண்டும். முந்தினால் பச்சைத்தன்மை மிஞ்சும். பிந்தினால் ருசி போகும். மழை நாளுக்கு ஒரு கணக்கு, வெயில் நாளுக்கு வேறு கணக்கு. கடிகாரத்தைவிட மூக்கையும் விரலையும் நம்பும் வேலை. எந்தத் தொழிற்சாலையிலும் அனுபவமுள்ள டீ மேக்கர் வாய் திறந்தால்தான் அடுத்தவருக்குப் புரியும்.

எல்லோரும் திறப்பதில்லை. தேயிலையில் மட்டுமல்ல, கம்ப்யூட்டர் அலுவலகத்திலும் இதே கதைதான். கேத்தரின் கானலியும் சக ஆய்வாளர்களும் 2012ல் வெளியிட்ட ஆய்வு, அறிவை ஒளிப்பதை மூன்று வகையாகப் பிரித்தது: அரைகுறையாகச் சொல்லி நழுவுவது, தெரியாததுபோல் நடிப்பது, காரணம் காட்டி மறுப்பது. ஒளிப்பவர்களிடம் காணப்பட்ட முக்கிய அம்சம், கேட்பவர் மீதான அவநம்பிக்கை.

தோட்டத்தில் வயிற்றுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. லயத்து வீடு வேலையோடு வருகிறது, வேலையோடு போகிறது. பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. நிர்ணயித்த எடைக்கு மேல் கொழுந்து பறித்தால்தான் கூடுதல் காசு. புதியவருக்குக் கைப்பக்குவம் காட்டும் அரைமணி நேரம், காட்டுபவருக்கு நஷ்டம். கையிலுள்ள ஒரே சொத்தையும் பகிர்ந்துவிட்டால் நாளை தன்னை யார் தேடுவார்கள் என்ற பயம் நியாயமானதே.

உரிமையில் பங்கு கொடுத்தால் பயம் போகுமா? 2005ல் மூணாறு தோட்டங்களின் நிர்வாகத்திலிருந்து டாட்டா டீ விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸின் பெரும்பான்மைப் பங்குகள் பணியாளர்கள் கைக்கு வந்தன. ஆனால் 2015 செப்டம்பரில் 20 சதவிகித போனஸ் கேட்டு, ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் பெண் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் ஏற்கவில்லை. பங்குப் பத்திரம் மட்டும் நம்பிக்கையைக் கொண்டுவந்துவிடாது.

சொல்லித் தரும் நேரத்துக்கும் கூலி வேண்டும். சொல்லித் தந்தவரின் வேலைக்கு உத்தரவாதம் வேண்டும். இல்லாவிட்டால், டீ மேக்கர் ஓய்வுபெற்று மலையிறங்கும் நாளில் அந்தப் பக்குவமும் அவரோடு இறங்கிவிடும்.