வட்டத்துக்குள் ஒரு கால்

பந்தும் விதியும் – 14

பினாங்கின் மாக் மண்டினில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு திறந்தவெளித் திடல் உண்டு. தரையில் இருப்பவை பூப்பந்துக் கோடுகள். சாயங்காலம் தொழிற்சாலைப் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போனதும் அங்கே நடப்பதோ காலால் ஆடும் செப்பாக் தக்ரோ. யாரும் புது எல்லைக்கோடு போட்டதில்லை, தேவையும் இல்லை. தக்ரோ களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். பூப்பந்து இரட்டையர் களமும் அதேதான். ஆண்கள் ஆட்டத்தில் வலை நடுவில் 1.52 மீட்டர், பூப்பந்து வலையும் கிட்டத்தட்ட அந்த உயரமே.

இந்த ஆட்டம் வலைக்கு எப்படி வந்தது? அதற்கு முன் சென்ற வாரத்துப் பாக்கியை முடித்துவிடலாம்.

அமெரிக்கக் காற்பந்தில் டக் ஃப்ளூட்டியோடு நிறுத்தியிருந்தோம். 2006 புத்தாண்டு அன்று, 43 வயதில், பந்தைத் தரையில் விட்டு, அது துள்ளி எழும்போது உதைத்து ஒரு புள்ளி எடுத்தார். என்.எஃப்.எல். ஆட்டத்தில் 1941-க்குப் பிறகு அப்படி யாரும் புள்ளி எடுத்திருக்கவில்லை. கையால் எறிய வசதியாகப் பந்தை 1930-களில் ஒல்லியாக்கியிருந்தார்கள். கூர்முனைப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்குத் தெரியும்? உதைப்பவர்கள் அதைக் கைவிட்டார்கள். விதி மட்டும் புத்தகத்தில் தங்கிவிட்டது.

அதே புத்தகத்தில் அதைவிட விநோதமான விதி ஒன்று இருக்கிறது. எதிரணி உயர உதைத்த பந்தைப் பிடிக்கப் போகிறவர் கையைத் தூக்கி ஆட்டிவிட்டால் அவரை யாரும் இடிக்கக் கூடாது. பிடித்தபின் அவரும் ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே அவர் அணி கோல் கம்பத்தை நோக்கி உதைக்கலாம். எதிரணி 10 கஜம் தள்ளி நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். உள்ளே போனால் 3 புள்ளி. நேரம் தீர்ந்திருந்தாலும் உதை உண்டு.

2024 டிசம்பர் 19 அன்று அது நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ், டென்வர் பிராங்கோஸ் ஆட்டம். பந்து பிடிக்க வந்தவரை டென்வர்காரர் இடித்துவிட, 15 கஜம் அபராதம். முதல் பாதியின் கடிகாரத்தில் பூஜ்யம். கேமரன் டிக்கர் 57 கஜத்திலிருந்து உதைத்து உள்ளே போட்டார். அதற்கு முன் இந்த உதை பலித்தது 1976-ல். அப்போதும் அதே சார்ஜர்ஸ்தான், ஊர் மட்டும் சான் டியாகோ.

இந்த உதை ரக்பி கொடுத்த சீதனம். ரக்பியே 1977-ல் இதை நீக்கிவிட்டது. தாய் வீட்டில் கழித்துக் கட்டிய பாத்திரத்தை மகள் இன்னும் பரணில் வைத்திருக்கிறாள். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை இறக்கிப் புழங்குகிறாள்.

நம் ஊர் ஆட்டத்துக்கும் பரண் உண்டு. பழைய செப்பாக் ராகாவில் வலை கிடையாது, எதிரணி கிடையாது. வட்டமாக நின்று, பின்னிய பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சயாமில் வலைக்கு மேல் ஆடும் முறை 1945-க்கு முன்பே உண்டு. மலேசியாவில் வலைக்கு மாறியதைச் சொல்லும்போது முதலில் வருவது பினாங்கின் ஹமிட் மைதீன் பெயர், ஆண்டு 1945. வட்டம் பிரிந்து இரண்டு பக்கமானது. அறுபதுகளில் பெயரையும் பங்கு போட்டுக்கொண்டார்கள்: உதையைக் குறிக்கும் ‘செப்பாக்’ மலாய்ச் சொல், பந்தைக் குறிக்கும் ‘தக்ரோ’ தாய்லாந்துச் சொல். 1965-ல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் ஆட்டம் இடம் பிடித்தது.

ஆனால் பழையது முழுக்கப் போகவில்லை. கைப்பந்தைப் போல ஓர் அணிக்கு மூன்று தொடுதல்தான். கைப்பந்தில் ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொட்டால் பொதுவாகத் தவறு. தக்ரோவில் மூன்றையும் ஒருவரே தொடலாம். ஒருவர் தனக்குத் தானே பந்தைத் தட்டிக்கொண்டிருந்த காலத்தின் மிச்சம் இது என்று எனக்குப் படுகிறது.

முதல் உதையைப் பாருங்கள். அடிப்பவருக்குத் தெக்கோங் என்று பெயர், மலாயில் படகுத் தலைவன். வலையோரக் கால்வட்டத்தில் நிற்கும் கூட்டாளி பந்தைக் கையால் எறிந்து கொடுப்பார். கை பட்டாலே தவறாகும் ஆட்டத்தில் கைக்கு அனுமதி அந்த ஒரு கணம்தான். தெக்கோங்கின் ஒரு கால் தலைக்கு மேல் போகும். இன்னொரு கால், தரையில் போட்ட 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டும்.

எங்கள் திடலில் பூப்பந்துக் கோட்டோடு கூடுதலாக வரைய வேண்டியிருப்பது இந்த வட்டங்களைத்தான். பையன்கள் ஒரு சாக்குக்கட்டித் துண்டோடு வருவார்கள். ஊரே சுற்றி நின்ற வட்டம், ஒரு பாதம் கொள்ளும் அளவுக்குச் சுருங்கி அங்கே கிடக்கிறது.

அடுத்த வாரம்: 2016 பிப்ரவரி 16, ஜார்ஜ் டவுன் மாநகர அரங்கம். பகாங் அணிக்கு எதிராக ஃபயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது வரை போனது. 9.15 மீட்டர் தள்ளி நின்ற தடுப்புச் சுவரைத் தாண்டி, பந்து நடுவானில் திசை மாறியது எப்படி?

(தொடரும்)