மாற்றுத்திறனாளியை கேவலமாக திட்டினால் கம்பி எண்ண வேண்டும்: பக்கத்தில் நிற்பவர் என்ன செய்யலாம்?

டவுன் பஸ்சில் ஊன்றுகோலோடு ஒருவர் ஏறுகிறார். "ஏய் நொண்டி, சீக்கிரம் ஏறுய்யா" என்று ஒரு குரல். நாலு பேர் சிரிப்பார்கள். மற்றவர்கள் நமக்கென்ன என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்வார்கள்.

இது வெறும் வாய்த்துடுக்கு இல்லை. ஜெயிலுக்கு அனுப்பும் குற்றம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது.

பலர் பார்க்கும் இடத்தில் மாற்றுத்திறனாளியை கேவலப்படுத்தும் நோக்கத்தோடு திட்டினாலோ மிரட்டினாலோ குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு ஜெயில். அபராதமும் உண்டு. வேண்டுமென்றே ஊன்றுகோலை உடைத்தாலும் இதே தண்டனைதான்.

ஆனால் வழக்கு நிற்க சாட்சி வேண்டும். திட்டு வாங்கியவர் கண் தெரியாதவர் என்றால், திட்டிய முகத்தை அவரால் அடையாளம் காட்ட முடியாது. காது கேட்காதவர் என்றால், என்ன சொன்னார்கள் என்றே தெரியாது. கூட நின்றவர்தான் சொல்ல வேண்டும்.

எனவே பஸ் நம்பர், நேரம், பேசிய வார்த்தை மூன்றையும் குறித்துக் கொள்ளுங்கள். "அண்ணே, புகார் கொடுக்கிறீங்களா? நான் சாட்சிக்கு வர்றேன்" என்று கேளுங்கள். அவர் சரி என்றால் போலீஸ் நிலையத்துக்கு கூடவே போங்கள். முடிவு அவருடையது, துணை உங்களுடையது.